சுகமானவளின் ஸ்டூல்

பிரிசில்லாவுக்கு வலி போய்விட்டது என்ற செய்தி ஆம்பூரில் கடைசியாக எட்டியது பிரிசில்லாவுக்குத்தான். முதலில் தெரிந்தது அண்ணி என்று அவள் கூப்பிடும் நாத்தனார் அமிர்தவள்ளிக்கு. அடுத்தது பாஸ்டர் டேனியலுக்கு. அதற்கப்புறம் சபையின் வாட்ஸாப் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும். தோளிலிருந்து கணுக்கால் வரை வலியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமிர்தவள்ளி வீட்டில் ஜெபக்கூட்டம். டேனியல் சத்துவாச்சாரியிலிருந்து பைக்கில் வருகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியைச் சரி செய்து, சுக்கு காபியைக் குடித்து முடித்த பிறகுதான் அவருக்கு அருள் இறங்கும். அன்று பிரிசில்லாவை நடுவில் தரையில் உட்கார வைத்து, நெற்றியில் எண்ணெய் தடவி, வியாதியே வெளியே போ என்று வாடகைக்காரனை அதட்டுவது போல அதட்டினார். அதட்டிய வேகத்தில் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி சாய்ந்தது. பக்கத்தில் நாற்காலியில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த அமிர்தவள்ளியின் புதுப் புடவை மடியில் எண்ணெய் நிதானமாக இறங்கியது. மடி நனைவது அமிர்தவள்ளிக்குத் தெரிந்தது. அதுவும் ஒரு ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள்.

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடப் பார்த்தாள். எழுந்தவள் சுவரைப் பிடிக்க மறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

"எழுந்துட்டா! சுவத்தப் புடிக்காம எழுந்துட்டா! சிரிக்கிறா பாருங்க, சுகம் கெடச்சிடுச்சி!" என்று அமிர்தவள்ளி கத்தினாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். "ஆறு வருட வேதனை ஆறு நிமிடத்தில் மறைந்தது" என்று அன்றைக்கே குழுவில் வந்தது. அந்த ஆறு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்த புண்ணியவான் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்த வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமாகச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்லலாம். அதற்கு நிலையான இடம் கிடையாது. இன்றைக்குத் தோள், நாளைக்கு இடுப்பு, அடுத்த நாள் ரெண்டு முட்டியும் தாடையும் சேர்ந்து. சில நாள் புடவைத் தலைப்பு தோளில் படுவதே கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கும். எட்டு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்தால், இரவெல்லாம் மூட்டை தூக்கியவள் மாதிரி எழுந்திருப்பாள். ரத்தம் கொடுத்தாள், எக்ஸ்ரே எடுத்தாள், ஸ்கேன் மெஷினுக்குள் படுத்தாள். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ரிப்போர்ட்டுக்கு வலிக்கவில்லை, அவளுக்கு வலித்தது. ஊர் ரிப்போர்ட்டின் பக்கம் நின்றது.

எல்லோரிடமும் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. ஆட்டுக்கால் சூப் குடி என்றார்கள். உடம்பை அசைக்காமல் உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான் என்று, ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நிற்கிறவளிடம் ஒருத்தி சொன்னாள்; சொன்னவள் அதை உட்கார்ந்துகொண்டே சொன்னாள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கௌதம், மூச்சை இழுத்து விடுகிற வீடியோக்களை அனுப்பினான். அம்மாவைப் பார்க்க வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவுக்கு லீவு தேவையில்லை.

புருஷன் ஜெயசீலன் செத்த பிறகு எல்லோருக்கும் வேலை சுலபமாகிவிட்டது. துக்கம்தான் வலி என்று ஒரே வாயில் சொல்லி முடித்தார்கள். வலி வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் அவன் செத்தான். வரப்போகிற சாவை மோப்பம் பிடித்துக்கொண்டு வலி முன்னாலேயே வந்துவிட்டதா என்று அவள் கேட்டால், "பாரு, மனசு எப்படிக் கொதிக்குது பாரு" என்று அதையும் தங்கள் பக்கமே சேர்த்துக்கொண்டார்கள்.

வைத்தியம் சொல்லாத ஒரே ஆள் ஜெயசீலன். டேனரியில் தோல் ஊறும் பெரிய டிரம் பக்கத்தில் வேலை. தினம் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்பான்:

"இன்னிக்கு எங்க?"

"எடது தோளு. முட்டி ரெண்டும். தாடைல கொஞ்சம்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. தோள் என்றால் தண்ணீர் கேனை அவன் தூக்கி வைத்துவிட்டுப் போவான். முட்டி என்றால் பால் வாங்க அவன் போவான். தாடை என்றால் ராத்திரி சப்பாத்தி வேண்டாம், ரசஞ்சோறு போதும் என்பான். ஏன் என்று சொல்ல மாட்டான். "சரியாம், சரி. பெரிய டாக்டரு," என்று அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஜென்மம் என்று அப்போது நினைத்தாள். ஒரு நாள் அதே கேள்வியைக் கேட்டு, அதே சரியைச் சொல்லிவிட்டுப் போனவன், டேனரி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் அவளிடம் எங்கே என்று கேட்க ஆள் இல்லை. ஏன் என்று கேட்கத்தான் ஊரே இருந்தது.

அவன் போன பிறகு வலி ஜாஸ்தியானது உண்மை. அது அவளுக்கே தெரியும். ஒத்துக்கொண்டால் ஊர் ஜெயித்துவிடும் என்பதற்காகவே ஒத்துக்கொள்ளவில்லை.

வேலூரில் வலிக்கென்றே ஒரு டாக்டர் இருப்பதாகக் கம்பெனியில் யாரோ சொன்னதைக் கேட்டு பிரிசில்லா போனாள். டாக்டர் பெயர் ஹேமலதா. முதல் கேள்வியே, "தூக்கம் எப்படிம்மா?"

"நீங்களும் மனசுன்னுதான் சொல்லப் போறீங்களா? சொல்லிடுங்க, பஸ்ஸப் புடிக்கணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வலி நெஜம்மா. சின்னச் சத்தத்தையும் உங்க நரம்பு பெரிய சத்தமா கேக்குது. தூக்கம் கெட்டா அது ஏறும். துக்கம் வந்தாலும் ஏறும். வலி ஏறினா திரும்பத் தூக்கம் போகும், மனசு உடையும். ரெண்டுல எது மொதல்லன்னு நான் சண்டைக்கு வரல. ரெண்டையும் பாக்கலாம்." ராத்திரிக்கு ஒரு மாத்திரை, சாயங்காலம் கொஞ்சம் மெதுவாக நடை, வேலையில் நடுநடுவே உட்கார அனுமதி கேட்டுக் கம்பெனிக்கு ஒரு சீட்டு. கடைசியாக, "எங்க வலிக்குதுன்னு வீட்ல யார்கிட்டயாவது சொல்றீங்களா?"

"சொல்லி? அவங்க கொஞ்சம் எடுத்து வெச்சிக்குவாங்களா?"

டாக்டர் அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லாமல் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அது பிரிசில்லாவுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்தச் சீட்டில் வந்ததுதான் ஸ்டூல். தைத்து வரும் ஷூ மேல்பாகங்களில் நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் டேபிளில் அவள் வேலை. எல்லோரும் நின்றுதான் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் இளம்பரிதி, ஸ்டூலைத் தன் சொந்த நிலத்தில் பாகம் பிரித்துக் கொடுப்பது போல யோசித்து யோசித்துக் கொடுத்தான். முதுகுச் சாய்மானம்கூட இல்லாத இரும்பு ஸ்டூல். அது வந்த பிறகுதான் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளால் சொந்தக் காலில் வீட்டுக்கு நடக்க முடிந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனிக்குப் போனால் ஸ்டூல் இல்லை.

"அக்கா, சரியாய்டுச்சாமே! எங்க வீட்டம்மா ஸ்டேட்டஸ்ல பாத்தேன்," என்றான் இளம்பரிதி. முகமெல்லாம் மகிழ்ச்சி. "எந்த சாமியா இருந்தா இன்னா, சரியானா சரி. கங்கிராஜுலேஷன்."

"ஸ்டூலு?"

"அதான் சரியாய்டுச்சேக்கா. இனிமே அது இன்னாத்துக்கு? ஆளுக்கு ஆள் கேக்கறாங்க, பேஜாரா இருக்குது."

ஸ்டூல் ஆளுக்கு ஆள் போகவில்லை. அவன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் அவன் சாப்பாட்டுப் பை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் நின்று வேலை செய்யும் மஹீன் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "இன்னா பிரிசி, உன் தோஸ்து வலி நெஜமாவே போய்ட்டானா, இல்ல லீவுல போயிருக்கானா?"

"எங்கியும் போகல. இடுப்புலதான் குந்தினு இருக்கான்."

"அப்ப சொல்லேன் அந்த ஆள்கிட்ட."

"சொன்னா அது இன்னிக்கே எங்க சபைக்குப் போய்டும். நாளைக்கு நான் சாட்சி சொல்லணும். சுகமானத மைக்ல சொல்லணும். நெமிலிலருந்து வேன் புடிச்சி வர்றாங்களாம்."

"யா அல்லா. உன்னப் பாக்கவா?"

"வலி இல்லாத என்னப் பாக்க. வலி இருக்கற என்னப் பாக்க ஒருத்தரும் வேன் புடிக்கல."

மஹீன் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "பிரிசி, நாளைக்கு மைக்ல அப்படிச் சொல்லிட்டின்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் ஸ்டூல் கேக்க முடியாது, தெரியும்ல?"

அது பிரிசில்லாவுக்குத் தெரியும். ஸ்டூல் மட்டுமல்ல. ஒரு முறை சுகமானேன் என்று சொன்னவள் அப்புறம் முனகக் கூடாது. நொண்டக் கூடாது. மாத்திரை போடுவதைக்கூட ஒளிந்துகொண்டு போட வேண்டும். சாகும் வரைக்கும் ஆரோக்கியமாக நடிக்க வேண்டும். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

அன்று சாயங்காலம் அமிர்தவள்ளி சாட்சிக்கு ஒத்திகை பார்க்க வந்தாள். பக்கத்து வீடுதான். ஆனாலும் அண்ணி வந்தால் அது விஜயம். வந்ததும் நாற்காலி போட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய கூட்டத்தில் தன் முட்டிவலி பறந்துபோனதாக அவள் சொன்ன சாட்சி பிரசித்தமானது. அன்றிலிருந்து அவள் தரையில் உட்கார்ந்ததில்லை. அது ஊழியக்காரிக்குச் செய்கிற மரியாதை என்று சபையில் எல்லோரும் நினைத்தார்கள். பிரிசில்லாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"மொதல்ல எவ்ளோ கஷ்டப்பட்டன்னு சொல்லு. நல்லா ஏத்திச் சொல்லு. அப்புறம் வெள்ளிக்கெழம. அந்த எடத்துல கொஞ்சம் அழு. ஜாஸ்தி வேணாம், மைக்கு கொர்ருங்கும்."

"அண்ணி, வலி இருக்குது."

"இருக்கும்."

"இருக்கும்னா?"

"சொல்லாத. சொன்னாத்தான் இருக்கும். அற்புதம் நடந்தப்புறம் வலிக்குதுங்கறது ஆண்டவரையே பொய்யராக்கற மாதிரி."

"ஆண்டவர் ஒண்ணும் சொல்லலியே அண்ணி. நீங்கதான சொன்னீங்க?"

அமிர்தவள்ளியின் முகம் சிவந்தது. "என் தம்பி செத்ததுலருந்து உன் வாயி நீண்டுடுச்சி. அவன் இருந்தா இப்படிப் பேசுவியா? குடும்பத்துல ஒரு நல்லது நடந்துச்சின்னு நாலு பேரு சொல்றாங்க. அது பொறுக்கலியா உனக்கு?" தம்பி என்று சொன்ன இடத்தில் அவள் குரல் ஒரு நொடி உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். அழுவதை நாளைக்கு மிச்சம் பிடித்து வைத்திருந்தாள் போல.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. நெமிலிக்காரர்கள் முன் பாயை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கறை போகத் துவைத்த அதே புடவையில் அமிர்தவள்ளி நாற்காலியில் இருந்தாள். கறை போகவில்லை, மடிப்பை மாற்றி மறைத்திருந்தாள். கீபோர்டு வாசிக்கிறவன், அழுகை வருகிற இடத்துக்குத் தயாராக, ஒரு மெல்லிய ராகத்தை விட்டுக்கொண்டிருந்தான்.

பிரிசில்லா மைக்கைப் பிடித்தாள். ராத்திரி தூங்கவில்லை. இடது தோள் கழன்று விழுவது போல இருந்தது. சொல்லித்தந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஸ்டூல் போனால் போகட்டும். இன்னும் எத்தனை வருஷம் வேலைக்குப் போகப்போகிறாள்?

அவள் தயங்குவதைப் பார்த்த டேனியல், பக்கத்தில் வந்து கனிவாகக் கேட்டார். "பயப்படாதீங்க சிஸ்டர். நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. எங்க வலிச்சது?"

எங்கே.

மூன்று வருஷமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்டவருக்குப் பதில் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் உடம்பு பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"எடது தோளு," என்றாள். "முட்டி ரெண்டும். இடுப்புல, பின்னாடி. தாடைல கொஞ்சம்."

"ஸ்தோத்திரம்! அதெல்லாம் போச்சு, ஆமென்!"

"போகல பாஸ்டர். இன்னிக்குக் கதையத்தான் சொல்றேன்."

கீபோர்டு நின்றது. டேனியல் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கெழம நான் சிரிச்சேன், நெஜம். எண்ண அண்ணி பொடவைல கொட்டிச்சி. அண்ணி கண்ணத் தொறக்காம ஸ்தோத்திரம் சொல்லினு இருந்தாங்க. அதுக்குத்தான் சிரிச்சேன். சிரிச்சா வலி கம்மியா இருக்குது. அது வேணா நெஜம். ஆனா போகல. எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

பின்னால் பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பெரியவர்களில் இரண்டொருவர் இருமுவது போல வாயைப் பொத்தினார்கள். டேனியல் அவசரமாக ஒரு பாட்டை அறிவித்தார். எந்த ஆபத்திலும் பாட்டு உதவும். பாடிய எல்லோரும் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பு தேடுகிற இடத்தில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. விசுவாசம் பத்தவில்லை என்று ஒரு குரல் அவள் காதில் விழும்படி சொன்னது. வேன் ஏறப் போன நெமிலிக்காரக் கிழவி ஒருத்தி மட்டும், பெயர் செல்லம்மாள் என்று கூப்பிட்டார்கள், குனிந்து செருப்பைத் தேடுவது போலப் பக்கத்தில் வந்தாள்.

"எனக்கு இடுப்புலம்மா. கழனிக்குப் போயி குனிஞ்சா நிமிர முடியல."

"பாஸ்டர்கிட்ட சொல்றதுதான?"

கிழவி அவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எப்படிச் சொல்றது? நான்தான் போன வருஷமே சாட்சி சொல்லிட்டேனே."

சாயங்காலம் அமிர்தவள்ளி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல்படியில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு, பேச வேண்டியதை எல்லாம் பேசினாள். குடும்ப மானம், நெமிலிக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது, தம்பி ஆத்துமா, புடவை. புடவைக்கு வந்தபோது கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள். பிரிசில்லா கேட்டுக்கொண்டே அண்ணி நிற்கிற விதத்தைப் பார்த்தாள். பாரம் முழுவதும் இடது காலில். வலது கால் தரையை மிதிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஆறு வருஷமாகச் சுவரைப் பிடிக்கிறவளுக்கு அந்தப் பிடி தெரியாதா?

"அண்ணி," என்றாள். "இன்னிக்கு எங்க?"

அமிர்தவள்ளியின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. அது யாருடைய கேள்வி என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சுவர் அவ்வளவு தடிமன் இல்லை.

"எனக்கென்ன? எனக்கு ஒண்ணுமில்ல. நான் சாட்சி சொன்னவ," என்றாள். திரும்பி, இரண்டே இரண்டு படியைப் பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக இறக்கி வைத்து இறங்கிப் போனாள்.

அன்று ராத்திரி பிரிசில்லா மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். வலி குறையவில்லை. அதை ஒளித்து வைக்கிற வேலை மட்டும் இல்லாமல் போயிருந்தது. அந்த வேலை எவ்வளவு பெரியது என்று அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்குள் போனதும் நேராக இளம்பரிதியின் மேஜைக்குப் போனாள். ஸ்டூல்மேல் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது? சரியாய்டுச்சின்னு சொன்னாங்களே?"

"சொன்னவங்களக் கூப்பிட்டு நிக்க வை."

"டாக்டர் சீட்டு மறுபடி வேணும்கா. ரூல்ஸு."

"பழைய சீட்டு உன் டிராயர்லதான் இருக்குது. வலியும் பழைய வலிதான். ரெண்டும் பொருந்தும்."

இளம்பரிதி பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் மேஜைகளில் கைகள் நின்றிருந்தன. "ரூல்ஸ் ரூல்ஸுன்றியே பரிதி," என்றாள் மஹீன், கையிலிருந்த ஷூ தோலைத் திருப்பிப் பார்த்தபடி, "உன் சாப்பாட்டுப் பைக்கு எந்த டாக்டர் சீட்டு குடுத்தாரு?" லைன் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்துவிட்டால் அப்புறம் ஸ்டூலைப் பிடுங்க முடியாது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அமிர்தவள்ளி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பேசக் கூடாது என்று தீர்மானம் செய்தவளின் முகம். பிரிசில்லாவும் பேசாமல் தாண்டினாள். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. தெருவைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"முட்டி. ரெண்டும். வலதுதான் ஜாஸ்தி."

பிரிசில்லா திரும்பவில்லை. திரும்பினால் அண்ணி அதை மறுத்துவிடுவாள்.

"சரி," என்றாள். உள்ளே போய், காலிக் கேனை எடுத்துக்கொண்டு, அண்ணி வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடிக்கக் கிளம்பினாள். அன்றைக்குத் தோள் பரவாயில்லை.

அமிர்தவள்ளி அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

"சரியாம், சரி. பெரிய டாக்டரு."